சாமியார் ஊரில் இல்லாத ஒன்பது மாதம்

அவள் திருச்சபை வரலாறு படிக்கப் போனது ஆசைப்பட்டு அல்ல. பொருளாதாரம் படித்து ஏதாவது ஒரு வங்கியில் உட்கார வேண்டும் என்பதுதான் வீட்டில் போட்டிருந்த திட்டம். நாலு மதிப்பெண் குறைந்துபோயிற்று. சேர்க்கை அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர், பட்டியலை மேலிருந்து கீழே விரலால் ஓட்டிக்கொண்டு வந்து கடைசி வரியில் நிறுத்தினார்.

"திருச்சபை வரலாறு. இதுல இடம் இருக்கு. இதுல எப்பவுமே இடம் இருக்கும்."

அப்பா மின்சார வேலை செய்பவர். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த டெஸ்டரை மேசைமேல் வைத்துவிட்டு, "சாமியாராப் போறவங்க படிக்கிறதில்ல அது? உனக்கெதுக்கு?" என்றார்.

"இடம் கெடச்சுதுப்பா."

"ரயில்ல இடம் கெடச்சா எந்த ஊருக்கு வேணாலும் போயிடுவியா?"

போனாள். முதல் இரண்டு வருடம் தேதிகளும் ஆயர்கள் கூடிய திருச்சங்கங்களும் ஒன்றோடொன்று குழம்பி, இலத்தீன் வினைச்சொற்கள் தொண்டையில் முள்ளாக நின்று, பாதியில் விட்டுவிடலாமா என்று தினமும் யோசித்தபடியே ஓடின. மூன்றாம் வருடத்தில் மறைமாவட்ட ஆவணக்காப்பகத்துக்கு அனுப்பினார்கள். பெயர்தான் பெரிது. ஆயர் இல்லத்தின் அடித்தளத்தில், தலைக்கு மேலே கழிவுநீர்க் குழாய் ஓடும் ஒரு நீள அறை. பழைய பங்குக் கோயில் ஒன்றிலிருந்து வந்த தாள்களுக்குப் பட்டியல் போட வேண்டும். அட்டைப் பெட்டிக்குள், ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கும் அடக்கப் பதிவேடுகளுக்கும் நடுவே ஒரு தடித்த புத்தகம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கெட்டியான பழுப்புத் தாளில் ஒரு கடிதம் ஒட்டப்பட்டிருந்தது. மொத்தம் நாற்பத்தொன்று.

நூற்றெழுபது வருடங்களுக்கு முன்னால் அந்த ஊரில் வாந்திபேதி வந்தபோது, பங்குச் சாமியார் தன் ஆயருக்கு எழுதிய கடிதங்கள் அவை. ஊரில் இருப்பவர்கள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டார்கள், நான் கோயில் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், பலிபீடத்துக்கு முன்னால் நோயாளிகளைப் படுக்க வைத்திருக்கிறேன், மருந்து அனுப்புங்கள், ஆள் அனுப்புங்கள் என்று ஒன்பது மாதம் எழுதியிருந்தார். ஆயர் அனுப்பவில்லை. கடைசிக் கடிதத்தில், "ஆண்டகை, இனி நான் எதுவும் கேட்கமாட்டேன்" என்று ஒரே வரி. அதைப் படித்தபோது இருபத்தொரு வயதுப் பெண் குழாய்க்குக் கீழே உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதாள். அன்றைக்குப் பிறகு விட்டுவிடலாமா என்ற யோசனை வரவேயில்லை.

அந்தக் கடிதங்கள்தான் அவளை ஆளாக்கின. அதிலேயே முனைவர் பட்டம். அது புத்தகமானபோது அவளுக்கு இருபத்தொன்பது. திருச்சபை வரலாற்றுப் புத்தகத்தை யாரும் பேருந்தில் வைத்துப் படிப்பதில்லை, இதைப் படித்தார்கள். அந்த ஊரின் பழைய மருத்துவமனைக்குச் சாமியாரின் பெயரை வைத்தார்கள், வாசலில் சிலை எழுப்பினார்கள். மறைமாவட்டம் அவருக்குப் புனிதர் பட்டம் கேட்டு மனு தயாரிக்கத் தொடங்கியது. மனுவின் முதல் இணைப்பு அவளுடைய புத்தகம். விரிவுரையாளர் பதவி வந்தது, பிறகு பேராசிரியை பதவி வந்தது. மாணவர்கள் 'அடிக்குறிப்பு மேடம்' என்று பெயர் வைத்தார்கள். யார் எதை எழுதிக் கொண்டுபோனாலும் முதலில் பக்கத்தின் அடியைத்தான் பார்ப்பாள். மேலே வானத்தை வில்லாக வளைத்திருந்தாலும் கீழே ஆதாரம் இல்லையென்றால் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. "யாரு பாத்தா? கூட இருந்தாரா, கேள்விப்பட்டு எழுதினாரா? அதைச் சொல்லு முதல்ல."

கல்யாணமும் தற்செயல்தான். அப்பாவின் பல் செட் உடைந்துபோய், அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஒரு பல் டெக்னீஷியனிடம் போனாள். வீட்டின் முன்னறையே அவருக்குப் பட்டறை. சுண்ணச் சாந்து வாசனை, சின்ன அரைவை இயந்திரத்தின் கீச்சுச் சத்தம், அலமாரி நிறைய யார் யாருடையதோ ஈறுகளின் அச்சு. "என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னாள். "செத்தவங்க விஷயம். நல்லது. அவங்க திரும்பி வந்து கடிக்குதுன்னு சொல்லமாட்டாங்க" என்றார். சிரித்துவிட்டாள். மறுவருடம் அதே வீட்டுக்குக் குடிவந்தாள். குழந்தை இல்லை. அது ஒரு குறையாக இருந்து, பிறகு பழகிப்போயிற்று.

வீட்டுக்கு அடிக்கடி வந்துபோன ஒரே ஆள் அவளுடைய ஆராய்ச்சி மாணவன். ஆறடிக்கு மேலே இருப்பான். ஆவணக்காப்பகத்தின் வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும் என்பதால் எல்லோருக்கும் அவன் நெட்டையன். அந்தச் சாமியாரின் கடிதங்களில் உள்ள இறையியலைப் பற்றித்தான் அவன் முனைவர் பட்டம் வாங்கினான். பல்கலைக்கழகத்தில் "மேடம்", வீட்டில் "அக்கா". கெட்டிக்காரன். எட்டு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளராக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக் கடிதத்துக்காக அலுவலக வாசலில் காத்துக் கிடந்தான். அவனுக்கு மனைவியும் இரட்டைப் பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதான வருடம், மார்ச் பதினொன்றாம் தேதி, ஆவணக்காப்பகத்தின் பழுதுபார்ப்பவர் தொலைபேசியில் கூப்பிட்டார். பூச்சி அரித்த தாள்களைப் பசை போட்டு ஒட்டிச் சரிசெய்பவர், அதிகம் பேசாதவர். மேலே போன குழாய் ஒருவழியாக உடைந்து கடிதப் புத்தகம் நனைந்துவிட்டது. அதனால் கடிதங்களைக் கெட்டித் தாளிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியதாகிவிட்டது.

"மேடம், ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போறீங்களா? எனக்கு ஒன்னும் புரியல."

போனாள். ஒரு கடிதத்தைக் கண்ணாடி மேசைமேல் வைத்துக் கீழே விளக்கைப் போட்டார். எழுத்துகளுக்குப் பின்னால், தாளுக்குள்ளேயே, பாய்மரக் கப்பல் ஒன்றின் வெளிறிய உருவமும் அதன் கீழே இரண்டு எழுத்துகளும் தெரிந்தன. தாள் செய்யும்போதே ஆலைக்காரர்கள் பதிக்கும் நீர்க்குறி. முப்பது வருடமாக அந்தத் தாள்களைத் தடவிப் பார்த்திருக்கிறாள். பின்னால் கெட்டித் தாள் இருந்ததால் வெளிச்சம் ஊடுருவியதே இல்லை.

"இந்த ஆலை எதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

பழுதுபார்ப்பவர் நீர்க்குறிப் பட்டியல் ஒன்றைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். ஆலை தொடங்கிய வருடம் அதில் இருந்தது. வாந்திபேதி வந்து இருபத்தாறு வருடம் கழித்து. அப்போது சாமியார் இறந்தே ஏழு வருடம் ஆகியிருந்தது.

"பட்டியல்ல தப்பா அச்சடிச்சிருப்பாங்களோ மேடம்?"

"இருக்கலாம்" என்றாள். இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக விளக்குமேல் வைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் கப்பல். பழுதுபார்ப்பவர் வழக்கம்போலத் தன் வேலைப் பதிவேட்டில் தேதி போட்டு, 'கடிதங்கள் பிரிக்கப்பட்டன, நீர்க்குறி காணப்பட்டது, பேராசிரியை பார்வையிட்டார்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அவள் உடனே வீட்டுக்குப் போகவில்லை. அதே பெட்டியிலிருந்த அடக்கப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் மானக்கேடு. அந்த வருடம் மே மாதம் முதல் அடுத்த ஜனவரி வரை, ஒரு அடக்கத்தின் கீழும் சாமியாரின் கையெழுத்து இல்லை. இதை அவள் மாணவியாக இருந்தபோதே பார்த்திருக்கிறாள். புத்தகத்தின் நூற்றுப் பதினெட்டாம் அடிக்குறிப்பில் அதற்கு ஒரு விளக்கமும் எழுதியிருக்கிறாள்: நோயாளிகளிடையே இரவும் பகலும் இருந்ததால் பதிவேட்டில் ஒப்பமிட அவருக்கு நேரம் கிடைத்திருக்காது. கிடைத்திருக்காது! வேறு யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் சிவப்புப் பேனாவால் கிழித்திருப்பாள்.

சாமியார் ஊரிலேயே இல்லை. வாந்திபேதி தலைகாட்டியதும் வண்டி கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். எல்லாம் அடங்கிய பிறகு திரும்பி வந்து, பத்தொன்பது வருடம் பூசை வைத்துவிட்டுப் படுக்கையில் இறந்திருக்கிறார். அந்த ஓட்டத்தை மறைக்க யாரோ பின்னாளில் அவர் கையெழுத்தைப் பார்த்து நாற்பத்தொரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் கையில் பாதி மெருகேற்றிய மேல்தாடை இருந்தது. இயந்திரத்தை நிறுத்தினார்.

"நல்லா இருக்கும்மா. பொய்ப் பல்லைச் செஞ்சு பொழைக்கிறவன்கிட்ட வந்து பொய்க் கடிதம்னு அழுறே." அவள் சிரிக்காததைப் பார்த்ததும் பல் செட்டைக் கீழே வைத்தார். "சரி, என்ன பண்ணப் போறே?"

"எழுதணும். நானே எழுதணும்."

"எப்ப?"

 நெட்டையனின் நிரந்தரப் பதவிக்கான நேர்காணல் ஜூலையில். எட்டு வருடக் காத்திருப்பு. அவன் எழுதிய ஒரே புத்தகம், அவன் வாங்கிய பட்டம், எல்லாம் அந்தக் கடிதங்களின் மேல் நிற்கின்றன. இப்போது வாயைத் திறந்தால் நேர்காணல் அறைக்குள்ளேயே அவனை விடமாட்டார்கள். அவனிடம் மட்டும் சொல்லிவைக்கலாம் என்றால், பிறகு அவன் அந்த அறையில் உட்கார்ந்து தெரிந்தே பொய் சொல்ல வேண்டியிருக்கும். அவனைப் பொய்யனாக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அவனுக்கு ஆர்டர் வரட்டும். வந்த மறுநாள் எழுதுறேன்."

"உனக்கு இது தெரியும்னு வேற யாருக்குத் தெரியும்?"

"ஒட்டுறவருக்குத் தெரியும். அவர் யார்கிட்டயும் பேசமாட்டார்."

ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோதெல்லாம் உடம்பு சரியில்லை என்று விடுப்புப் போட்டாள். காகித ஆலைக்கு எழுதிப் பதில் வாங்கினாள். பட்டியலில் பிழை இல்லை. நெட்டையன் ஜூலையில் நேர்காணலுக்குப் போனான். அக்டோபரில் நியமன ஆணை வந்தது. இனிப்புப் பொட்டலத்தோடு மனைவியையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்து அவள் காலில் விழப்போனான். "டேய், எழுந்திரு. தலை மின்விசிறியில இடிக்கும்" என்று கணவர் கேலி செய்தார்.

மறுநாள் மதியம் அவனை மட்டும் வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னாள். நீர்க்குறியின் படத்தைக் காட்டினாள். அவன் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"மார்ச்ல."

"மார்ச்ல." அதையே திருப்பிச் சொன்னான். "அக்கா, இதை யார்கிட்டயும் சொல்லாம விட்டா என்ன? தாளைத் திரும்ப ஒட்டிட்டா முடிஞ்சுது. சாமியார் செத்து எத்தனை வருஷமாச்சு!"

"எப்படிடா விடுறது?"

"நீங்க சொல்றதுனா எனக்கு நேர்காணலுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். இல்லைன்னா சொல்லவே கூடாது. இப்பச் சொல்றீங்களே, இது என்ன கணக்கு? ஏணியில ஏத்திவிட்டு ஏணியை உருவுறீங்க."

"நிரந்தரப் பதவிடா. இனிமே உன்னை யாரும் எடுக்க முடியாது."

"எடுக்க மாட்டாங்க. பாத்துச் சிரிப்பாங்க." சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான்.

ஆயரிடமும் சொல்லாமல் வெளியிடுவது மரியாதை இல்லை என்று நினைத்துப் போனாள். ஆயர் பழச்சாறு வரவழைத்தார். முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். நல்ல மனிதர்தான்.

"அம்மா, அந்த ஆஸ்பத்திரிக்குத் தினமும் முந்நூறு பேர் வர்றாங்க. வாசல்ல சிலையைப் பாத்துக் கும்பிட்டுட்டு உள்ள போறாங்க. அவங்க யாரும் உங்க கடிதத்தைப் படிச்சுட்டு வரல."

"தெரியும் ஆண்டகை. ஆனா அந்தப் புத்தகத்தை நான்தானே எழுதினேன்."

"எழுதுங்க. தடுக்கமாட்டேன். சிலைக்கு ஒன்னும் ஆகாது. உங்களுக்குத்தான் ஆகும். அதை நெனச்சாத்தான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

நவம்பரில் கட்டுரையை அனுப்பினாள். நூற்றுப் பதினெட்டாம் அடிக்குறிப்பைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதினாள். கண்ணால் பார்த்ததை மனசு ஒப்பவில்லை, அது என் குற்றம் என்று. தை பிறப்பதற்குள் செய்தித்தாளில் சின்னதாக வந்தது. பல்கலைக்கழகம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டது.

ஜன்னல் இல்லாத கூட்ட அறை. குழுத் தலைவர் சட்டத் துறைக்காரர். கடிதங்கள் பொய்யா மெய்யா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. தேதிகளில்தான் அக்கறை. பழுதுபார்ப்பவரின் வேலைப் பதிவேட்டை மேசைமேல் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"மார்ச் பதினொன்னு. கட்டுரையை அனுப்பினது நவம்பர். நடுவுல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஆலைக்கு எழுதிக் கேட்டேன்."

"அதுக்கு ஏப்ரல்லயே பதில் வந்திருக்கு. மிச்ச மாசம்?"

அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, மறுபடி மூடினாள். கேள்வியை இன்னொரு முறை கேட்டார்கள். "சொல்றதுக்கு ஒன்னுமில்ல" என்றாள்.

நெட்டையனையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் முன்னாலேயே உட்கார வைத்து விசாரித்தார்கள். அவன் புதுச் சட்டை போட்டிருந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை.

"மேடம் அக்டோபர் வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நான் அன்னைக்கே தேர்வுக் குழுவுக்குத் தெரிவிச்சு நேர்காணல்லருந்து விலகியிருப்பேன்." பிறகு கேட்காமலே இன்னொன்றும் சொன்னான். "அடக்கப் பதிவேட்டுல கையெழுத்து இல்லாத விஷயம் அவங்களுக்கு இருபது வருஷத்துக்கு மேலயே தெரியும். வகுப்புல நான் கேட்டிருக்கேன். சாமியார் வேலையா இருந்தார்னு சொன்னாங்க."

அது உண்மை. அவன் கேட்டிருந்தான். அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

அறிக்கையில் 'ஆதாரத்தை அறிந்தே மறைத்தார்' என்று மூன்றே சொல். ஆராய்ச்சி மாணவர்களை வழிநடத்தும் உரிமையைப் பறித்தார்கள். துறைத்தலைவர் கதவைச் சாத்திவிட்டு, "நீங்களே விருப்ப ஓய்வு கொடுத்துட்டா எல்லாருக்கும் கௌரவமா இருக்கும்" என்றார். கொடுத்தாள். ஐம்பத்துமூன்று வயது.

வீட்டில் கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வெடித்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? அவனுக்காகத்தான் சும்மா இருந்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"அவன் நியமனமே செல்லாதுன்னு ஆக்கிடுவாங்க."

"ஆக்கட்டுமே! உன் முன்னாடியே உக்காந்து உன்னைக் குழியில தள்ளினானே!"

"அப்புறம் நான் ஏழு மாசம் திருடி மாதிரி ஒளிஞ்சுட்டிருந்தது எதுக்கு?"

அவர் பட்டறைக்குள் போய் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டார். அன்று அரைக்க வேண்டிய பல் எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவளுடைய அறை நெட்டையனுக்குப் போனது. நிரந்தரப் பதவி என்று எந்தப் பதவிக்காக அத்தனையும் நடந்ததோ, அது இரண்டு வருடம்தான் நின்றது. சேர்க்கை குறைவு என்று சொல்லித் திருச்சபை வரலாற்றுத் துறையையே பல்கலைக்கழகம் மூடிவிட்டது. நிரந்தரக்காரர்களையும் கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பினார்கள். இடம் எப்பவும் இருக்கும் துறை என்று எழுத்தர் அன்றைக்குச் சொன்னது சரிதான். கடைசியில் இடம் மட்டும்தான் இருந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. அடக்கப் பதிவேட்டின் நகலை உணவு மேசையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாமியார் ஓடிய ஒன்பது மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு அடக்கம். முதல் ஐம்பத்தேழை ஊர்ப் பள்ளி ஆசிரியர் எழுதியிருந்தார், பெயர், வயது, தெரு என்று. ஐம்பத்தேழாவது அவர் மனைவி. அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்து இல்லை. அங்கிருந்து பெயர்களே இல்லை, வெறும் கோடுகள். நெடுங்கோடு, குறுங்கோடு, புள்ளி வைத்த கோடு. பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் மண்வெட்டி மாதிரி ஒரு குறி. எழுதப் படிக்கத் தெரியாத குழிவெட்டி, ஆசிரியர் போன பிறகு, தனக்குத் தெரிந்த மாதிரி பதிவேட்டைத் தொடர்ந்திருக்கிறான். ஆண், பெண், குழந்தை. ஒரு நாளில் பதினொரு கோடு. ஒரு நாள்கூட விடவில்லை. கடைசி அடக்கம், முந்நூற்றுப் பன்னிரண்டாவது, பிப்ரவரியில் திரும்பி வந்த சாமியாரின் அழகான கையெழுத்தில் இருந்தது. ஒரே இலத்தீன் சொல். 'குழிவெட்டி.' பெயர் போட அவருக்குத் தோன்றவில்லை.

அந்தக் கோடுகளுக்குப் பெயர் கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருந்தும், வாந்திபேதிக்குப் பிறகு எந்தப் பதிவிலும் தலைகாட்டாதவர்கள் யார்? மறுமணம் செய்துகொண்ட விதவையின் முதல் கணவன் எந்த மாதம் போயிருப்பான்? அஞ்சலட்டை அஞ்சலட்டையாக எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஒரு பெயருக்கு ஒரு வாரம் ஆகும், சிலதுக்கு இரண்டு மாதம். ஏழு வருடத்தில் இருநூற்று ஐம்பத்துநாலு கோடுகளில் நூற்றுத் தொண்ணூறு கோடுகளுக்குப் பெயர் கிடைத்தது. குழிவெட்டியின் பெயர் கடைசிவரை கிடைக்கவில்லை.

பதிப்பகங்கள் தயங்கவே இல்லை, உடனே மறுத்தன. ஒருவர் மட்டும் தொலைபேசியில் பேசினார். "அந்தக் குழி வெட்டினவர் கடிதம், டைரி ஏதாவது எழுதியிருக்காரா மேடம்? மனசைத் தொடுற மாதிரி?"

"அவருக்கு எழுதத் தெரியாது."

"அதான் பிரச்சினை" என்றார் அவர்.

கடைசியில் அந்த ஊரின் பங்கு இதழ் நாலு பக்கம் கொடுத்தது. அவள் சுருக்கி எழுதி அனுப்பினாள். அச்சில் வந்ததைக் கணவர்தான் முதலில் பார்த்தார். ஒளித்துவைக்கப் பார்த்து மாட்டிக்கொண்டார். கட்டுரைக்கு நடுவே சாமியாரின் சிலைப் படம். முதல் பத்தியில் யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'புண்ணியவானாகிய நம் பங்குத்தந்தையின் வழிகாட்டுதலில் இறுதிவரை உழைத்த எளிய தொண்டர்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"திருத்தம் போடச் சொல்லி எழுதலாம்" என்றார் கணவர்.

"எழுதலாம்." எழுதினாள். பதில் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நெட்டையன் ஒரு பிற்பகல் வந்து நின்றான். காதோரம் நரைத்திருந்தது. துறை மூடியதிலிருந்து ஒரு புத்தகக் கிடங்கில் வேலை செய்வதாகச் சொன்னான். கணவர் அவனைப் பார்த்ததும் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அக்கா, ஒரு பள்ளிக்கூடத்துல மறைக்கல்வி ஆசிரியர் வேலை. முன்னாடி வழிநடத்தின பேராசிரியர்கிட்ட ஒரு பரிந்துரைக் கடிதம் கேக்குறாங்க. எனக்கு வேற யாரும் இல்ல."

மன்னிப்புக் கேட்பான் என்று அவள் ஒரு கணம் நினைத்தது உண்டு. அவன் கேட்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முழங்கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தான். அவள் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். எழுதியதெல்லாம் உண்மை, அவனைப் போல இலத்தீன் படிக்கத் தெரிந்தவன் அந்தத் துறையில் வேறு யாரும் இருந்ததில்லை.

"குழந்தைங்க எப்படி இருக்காங்க?"

"வளந்துட்டாங்க. அம்மா மாதிரி. உயரம் மட்டும் என்னை மாதிரி."

அடுத்த வாரம் பள்ளியின் தலைமையாசிரியை கூப்பிட்டார். "மேடம், அந்தக் கடித விவகாரத்துல வந்த பேராசிரியை நீங்கதானா?" ஆமாம் என்றாள். "சும்மா உறுதிப்படுத்திக்கத்தான் கேட்டேன்" என்று வைத்துவிட்டார். நெட்டையனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை என்று பிறகு வேறு யாரோ சொன்னார்கள். அவன் திரும்பி வரவில்லை. தன் கடிதம் இல்லாமல் போயிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்குமோ என்பதை அவள் கணவரிடம் ஒரே ஒரு முறை கேட்டாள். அவர், "எனக்கென்ன தெரியும்" என்றார்.

அறுபத்தொன்றாம் வயதில் வலது கண்ணின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு விழுந்தது. பிறகு இடது கண்ணிலும். ஓரங்கள் தெரியும், நேராகப் பார்ப்பது மட்டும் தெரியாது. வாசிப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் பதமாகச் சொன்னார். மிச்சமிருந்த அறுபத்துநாலு கோடுகளும் அப்படியே நின்றுவிட்டன.

பட்டியலை மட்டுமாவது சுத்தமாக முடித்துவிடலாம் என்று கணவர் சொன்னார். அவருக்கும் கை நடுங்க ஆரம்பித்துப் பட்டறையை மூடியிருந்த நேரம். தினமும் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அஞ்சலட்டைகளை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து எடுத்துப் பெயரை வாசிப்பார், அவள் தெருவையும் மாதத்தையும் நினைவிலிருந்து சொல்லுவாள், அவர் தட்டச்சு செய்வார். இலத்தீன் பெயர்களை அவர் வாய்க்கு வந்தபடி கடித்துத் துப்புவார். அவள் திருத்துவாள். சில நாள் அவள் திருத்தாமல் விட்டுவிடுவாள். அவர் சொன்னபடியே தட்டச்சில் ஏறிவிடும்.

பெயர் கிடைக்காத இடங்களில் என்ன போடுவது என்று அவர் கேட்டார்.

"கோடு போடுங்க. அவன் போட்ட மாதிரியே. சின்னது, பெரிசு பாத்துப் போடுங்க."

நகல் கடையில் எட்டுப் பிரதி எடுத்துச் சுருள் கம்பி போட்டுக் கட்டி வாங்கிவந்தார்கள். எட்டையும் எட்டு நூலகங்களுக்கு அனுப்பினார்கள். பல்கலைக்கழக நூலகம் 'எங்கள் சேகரிப்புக் கொள்கைக்குள் அடங்காது' என்று அச்சடித்த சீட்டோடு முதலில் திருப்பி அனுப்பியது. இன்னும் நாலு, ஒன்றன்பின் ஒன்றாக, சில திறக்கப்படாமலே வந்தன. கணவர் அவற்றைப் பல் அச்சுகள் இருந்த அலமாரியில் அடுக்கினார். மற்ற மூன்று பிரதிகளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எழுதிக் கேட்கலாமா என்று அவர் ஒரு நாள் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.